ஏரிக்கரையில் ஏழு நாள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



"வேனில் விடுமுறையும் குடும்பமும்" என்னும் பொருள்பற்றிச் சில சொற்கள் கூறுமாறு நம் செயலாளர் அவர்கள் எனக்குப் பணித்தார்கள். நான் பட்டம் பெற்றவன் அல்லேன். மேடை ஏறிப் பழகியவனும் அல்லேன். பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வேயில் எழுத்தனாகப் பணிபுரிபவன். பிறர் விடுமுறைக்குப் புறப்படுவதைச் சன்னலுக்கு இப்பால் அமர்ந்து ஆண்டுதோறும் பார்ப்பதே என் தொழில். அந்த ஒரு தகுதியைக் கொண்டே உங்கள் முன் நிற்கின்றேன்.

ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் சன்னல்களில் கூட்டம் நெருக்கும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்வோர் பலர். அவர்கள் நீட்டும் படிவங்களை உற்று நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். கணவன், மனைவி, பிள்ளைகள் இருவர் என்று நான்கு பெயர்கள் இருக்கும். பாட்டன் பாட்டியின் பெயர்களைக் காண்பது அரிது. மற்றொரு நாள் அதே பாட்டனார் தனியே வந்து, பெங்களூரிலுள்ள மகன் வீட்டைக் காவல் காக்கத் தமக்கு ஒரு சீட்டு வாங்கிச் செல்வார். விடுமுறை சிறியோர்க்கு, வீட்டுக்காவல் முதியோர்க்கு என்று எவரும் சட்டம் இயற்றவில்லை. ஆயினும் அவ்வாறே நடந்து வருகின்றது.

அன்பர்களே, நம் தங்கவயலில் முன்பெல்லாம் காலம் என்பது எல்லார்க்கும் பொதுவாக இருந்தது. சுரங்கத்துச் சங்கு ஊதினால் லைன் வீடுகளில் அடுப்பு மூளும். மறுபடி ஊதினால் ஷிப்டு முடிந்து ஆடவர் வீடு திரும்புவர். 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குக் கால் வைத்தது முதல், 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டது வரை, நூற்றிருபது ஆண்டுகள் நம் முன்னோர் இம்மண்ணுக்கு அடியில் உழைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினர். ஏறத்தாழ 800 டன் பொன்னை மேலே அனுப்பினர். சங்கு ஓய்ந்த பின்னர் அந்தப் பொதுக்காலமும் ஓய்ந்தது. இன்று விடியுமுன்னரே மாரிக்குப்பத்திலிருந்தும் சாம்பியனிலிருந்தும் உரிகத்திலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். குழந்தைகள் உறங்கிய பின் வீடு திரும்புகின்றனர். ஒரே கூரையின் கீழ் வாழ்வோரும் ஒருவர் முகத்தை ஒருவர் ஞாயிறன்றுதான் காண்கின்றனர். வேறூர் சென்று குடியேறியவர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆகவே நமக்கு விடுமுறை என்பது வெறும் களிப்பு அன்று. சிதறிய குடும்பம் ஒன்றுசேர எஞ்சியுள்ள ஒரே காலம் அது. அந்தக் காலத்தையும் காட்சி பார்ப்பதிலேயே செலவிட்டுவிட்டால், பேசுவதற்கும் கற்பதற்கும் நமக்கு வேறு பொழுது ஏது? இதுவே நான் இன்று உங்கள்முன் வைக்க விரும்பும் கேள்வி.

விடையை நாம் தொலைவில் தேட வேண்டுவதில்லை. இங்கிருந்து ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தொலைவில் பேத்தமங்கலம் ஏரி இருக்கின்றது. பண்டைக் காலத்தில் விசயாதித்தமங்கலம் என்று பெயர் பெற்றிருந்த ஊர் அது. நந்திமலைப் பகுதியில் தோன்றும் பாலாறு அங்கே ஏரியாகத் தேங்குகின்றது. கம்பெனியார் காலத்தில் அந்த ஏரிநீரே குழாய் வழியாக நம் லைன்களுக்கு வந்தது. துரைமார் அங்கே படகு விட்டு மகிழ்ந்தனர். நம் பாட்டிமாரோ தெருக்குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்று அந்நீரைப் பிடித்தனர். நீரைக் குடித்தவர் பலர்; ஏரியைக் கண்டவர் சிலர்.

இதில் நாம் நினைந்து பார்க்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. பாலாறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் ஓடி, புல்லூர் அருகே தமிழகம் புகுந்து, மேலும் 222 கிலோமீட்டர் சென்று கடலில் கலக்கின்றது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், காஞ்சிபுரம் ஆகியவை எல்லாம் அதன் கரையிலும் அருகிலும் உள்ள ஊர்கள். நம்முள் பெரும்பாலோரின் முன்னோர் அந்த வட ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து வந்தவர்களே. அவர்கள் ஊரை விட்டு வந்தார்கள். ஆற்றை விட்டு வரவில்லை. எந்த ஆற்றின் நீரைக் குடித்து வளர்ந்தார்களோ, அதே ஆற்றின் மேற்பகுதி நீரையே இங்கும் குடித்தார்கள். சுரங்கத்தில் விடுப்புக் கிடைத்தால், சோலையார்பேட்டை வழியாக அந்த ஆற்றோரமாகவே இரயிலில் சென்று சொந்த ஊர்த் திருவிழாவில் கலந்துகொள்வர். அன்றைய விடுமுறையில் பாட்டனும் பேரனும் ஒரே பெட்டியில் அமர்ந்து சென்றனர்.

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பெய்த பெருமழையில் நெடுநாள் வறண்டிருந்த பாலாற்றில் வெள்ளம் பெருகியதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். ஏரியும் நிறைந்தது. அதற்கு முந்திய இரண்டு கோடைகளைக் கொரோனா விழுங்கியிருந்தது. எனவே 2022ஆம் ஆண்டு மே மாதம் எங்கள் குடும்பத்தார் பதினால்வரும் ஏரிக்கருகிலிருந்த உறவினர் ஒருவரின் தோட்டவீட்டில் ஏழு நாள் தங்குவது என்று முடிவு செய்தோம். சென்னையிலுள்ள தம்பியின் பிள்ளைக்கும் பெங்களூரிலுள்ள தங்கையின் பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை ஒருசேர அமைவது மே மாதத்தில்தான். ஓடு வேய்ந்த இரண்டு அறைகள், ஒரு திண்ணை, பட்டுப்பூச்சி வளர்க்கும் கொட்டகை, நான்கு மாமரங்கள். வீட்டின் வசதி இவ்வளவே. ஆடவர் திண்ணையிலும் கொட்டகையின் வெளிப்புறத்திலும் படுத்தோம்.

சென்ற முதல் இரவே என் தாயார் ஒரு விதி வகுத்தார். "இங்கே வந்தவர் எல்லார்க்கும் வேலை உண்டு, வேலை இல்லாதவர்க்குச் சோறு இல்லை" என்றார். அதன்படி ஆறு வயதுப் பிள்ளைக்கும் தொண்ணூற்றொரு வயது நிரம்பிய எங்கள் ஆயாவுக்கும் பணி ஒதுக்கப்பட்டது. சிறுவர் விடியற்காலையில் மல்பெரித் தழை பறித்துப் புழுக்களுக்கு இட்டனர். பெரிய பிள்ளைகள் விறகு பொறுக்கினர், நீர் சுமந்தனர். ஏழு நாளில் மூன்று நாள் சமையல் முழுவதும் ஆடவர் பொறுப்பு. தங்கையின் கணவர் வைத்த சாம்பாரைக் கண்டு, "மாமா, ஏரித் தண்ணீர் அத்தனையும் இதற்குள்ளேயே வந்துவிட்டதோ?" என்று தம்பி மகன் கேட்க, சிரிப்பொலி அடங்க நெடுநேரம் ஆயிற்று. எனினும் அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டுப் பெண்டிர் கரையில் உலவினர், பல்லாங்குழி ஆடினர், பகலில் உறங்கினர். வீட்டு அடுப்பை விட்டு ஏரிக்கரை அடுப்பிற்கு மாறுவது தாய்மார்க்கு விடுமுறை ஆகுமா? இதை ஆடவராகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் தந்தையார் முப்பது ஆண்டுகள் சுரங்கத்தில் உழைத்தவர். கல்தூசி அவர் மார்பில் தங்கிவிட்டது. நூறடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். வீட்டில் அவர் சுரங்கத்தைப்பற்றி ஒரு சொல்லும் பேசியவர் அல்லர். அவருக்கு இடப்பட்ட பணி, என் பன்னிரண்டு வயது மகனை நாள்தோறும் காலையில் ஏரிக்கரைமீது அழைத்துச் செல்வது. விரைந்து ஓட விரும்பும் சிறுவனும் விரைந்து நடக்கவியலாத முதியவரும் சேர்ந்து நடப்பது எளிதன்று. முதல் நாள் நூறடிக்கு ஒருமுறை நின்றனர். நின்ற இடத்தில் எல்லாம் சிறுவன் ஏதேனும் கேட்டான். தாத்தா விடை கூறினார். ஆட்களை இறக்கும் கூண்டு எப்படிக் கீழே பாயும், அப்போது காது எப்படி அடைக்கும், அடியில் பாறையைத் தொட்டால் எப்படிச் சுடும், தாங்குமரங்களை எப்படி நிறுத்துவர் என்பதெல்லாம் அவ்வாறே வெளிவந்தன. மீனவர் ஒருவர் பரிசலைக் கரையில் கட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு, சுரங்கத்தில் மரம் இறக்கும்போது போடும் முடிச்சைத் தம் கையாலேயே போட்டுக் காட்டினாராம். மகன் இரவில் என்னிடம் வந்து, "அப்பா, தாத்தாவுக்கு இவ்வளவும் தெரியும் என்று நீங்கள் ஏன் எனக்குச் சொல்லவே இல்லை?" என்றான். எனக்கே அன்றுதான் தெரியும் என்பதை அவன் அறியான். முப்பது ஆண்டு வாய் திறவாதவரை மூச்சு வாங்கும் அந்த நடை பேச வைத்தது.

ஐந்தாம் நாள் நிகழ்ந்தது இன்னும் பெரிது. ஆறு வந்து ஏரியில் விழும் பக்கத்தில் மணல் திட்டு ஒன்று எஞ்சியிருந்தது. எங்கள் ஆயாவை நாற்காலியில் அமர்த்தி அங்கே தூக்கிச் சென்றோம். அவர் பாலாற்றங்கரையிற் பிறந்து, பதினேழாம் வயதில் மணமாகித் தங்கவயலுக்கு வந்தவர். கைத்தடியால் ஓரிடத்தைச் சுட்டி, "இங்கே தோண்டுங்கள் கண்ணுங்களா" என்றார். பிள்ளைகள் கையாலும் தேங்காய்க் கொட்டாங்கச்சியாலும் தோண்டினர். முழங்கை ஆழத்தில் மணல் ஈரமாயிற்று. மேலும் தோண்டக் கலங்கிய நீர் ஊறியது. "சேறு வந்தது ஆயா" என்று முகம் சுளித்தனர். "இறைத்து ஊற்று, மறுபடி ஊறும், அதையும் இறைத்து ஊற்று, மூன்றாவது தெளியும்" என்றார் அவர். அப்படியே தெளிந்தது. ஒரு கொட்டாங்கச்சி நீரை வாங்கிக் குடித்துவிட்டு, "பாலாறு மேலே காயும், அடியிலே ஓடும், தோண்டத் தெரிந்தவர்க்கு அது வற்றாது" என்றார். ஊற்றுத் தோண்டுவது பாலாற்றங்கரை மக்களுக்குப் பிறவியோடு வந்த கல்வி. குழாயில் நீர் பிடித்தே வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு அது புதுமை.

அதற்கு அடுத்த கோடையில் ஆயா எங்களோடு இல்லை. ஆனால் என் மகள் ஊற்றுத் தோண்டுவாள்.

எங்கள் குடும்பத்தில் மனவருத்தமே இல்லை என்று கூறமாட்டேன். தந்தையார் இந்த வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்துவிட வேண்டும் என்று தம்பி நெடுநாளாக வற்புறுத்தி வந்தான். "மூச்சுத் திணறினால் யார் பார்ப்பார்?" என்பது அவன் அச்சம். "ஐம்பது ஆண்டு பழகிய முகங்களை விட்டு, நாலாவது மாடியில் யாரிடம் பேசுவேன்?" என்பது இவர் வருத்தம். தொலைபேசியில் இப்பேச்சு எழும்போதெல்லாம் ஒருவர் இணைப்பைத் துண்டிப்பதில் முடியும். ஆறாம் நாள் மாலையில் இருவரும் கரைமீது தனியே அமர்ந்து இருட்டும்வரை பேசினர். மழையும் குளிரும் மிகுந்து மூச்சு வருந்தும் மாதங்களில் தந்தையார் சென்னையில் இருப்பது, மற்ற மாதங்களில் இங்கே இருப்பது, மே மாதத்தில் அனைவரும் ஏரிக்கரையில் கூடுவது என்று முடிவாயிற்று. இருவரும் முழுதாக வெல்லவில்லை; எனினும் இருவரும் மனமுவந்து எழுந்தனர். முகம் பார்த்துப் பேசுவதற்கு ஒரு கரையும், அவசரமில்லாத ஒரு மாலைப்பொழுதும் வேண்டியிருந்தன.

இத்தகைய விடுமுறை உலகிற்குப் புதிது அன்று. வையையில் புதுப்புனல் வந்தபோது மதுரை மக்கள் திரண்டு சென்று நீராடிக் களித்ததைப் பரிபாடல் விரித்துரைக்கின்றது. ஆடிப்பெருக்கில் கலந்த சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குச் செல்லும் வழக்கம் இன்றும் நம்மிடையே உண்டு. ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள பின்லாந்து நாட்டைப் பாருங்கள். ஏறத்தாழ 56 இலட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில் கோடை வீடுகள் மட்டும் ஏறத்தாழ ஐந்து இலட்சம். அவற்றுள் பெரும்பாலானவை ஏரிக்கரைகளிலும் கடற்கரையிலும் அமைந்த எளிய மரவீடுகள். கோடை வந்தால் பாட்டன், பெற்றோர், பேரர் எல்லாரும் அங்கே கூடி, விறகு பிளந்து, மீன் பிடித்து, படகு வலித்து, காட்டுப்பழம் பறித்து நாளைக் கழிக்கின்றனர். செல்வம் மிகுந்த நாட்டினரும் விடுமுறையில் கைவேலையையே நாடுகின்றனர் என்பதை நாம் கருத வேண்டும். நம் பக்கத்து ஏரிகளுக்கும் வரலாறு உண்டு. கொடைக்கானல் ஏரி 1863ஆம் ஆண்டில் லெவிஞ்சு என்னும் கலெக்டர் முயற்சியால் உருவாயிற்று. அது வெயிலுக்கு அஞ்சிய துரைமார் தங்கி இளைப்பாறிய இடம். நம் பாட்டன்மார்க்கு அத்தகைய இளைப்பாற்றி வாய்க்கவில்லை. இன்று நாமே அதனை அமைத்துக்கொள்ளலாம். மலையேற வேண்டுவதும் இல்லை.

இனி, செல்ல விரும்பும் அன்பர்களுக்கு அனுபவத்தால் கண்ட சில குறிப்புகளைச் சொல்லி முடிக்கின்றேன்.

முதலாவது, நீரிடத்து அச்சமும் மரியாதையும் வேண்டும். ஏரியின் மேற்பரப்பு அமைதியாகத் தோன்றும். அடியில் மண்ணெடுத்த பள்ளமும் சேறும் கொடியும் இருக்கும். ஆண்டுதோறும் விடுமுறையில் எத்தனை இளம்பிள்ளைகளை நம் நாட்டு ஏரிகளும் குளங்களும் பலிகொள்கின்றன என்பதைச் செய்தித்தாள்களில் படிக்கின்றோம். உள்ளூரார் காட்டிய இடத்தில், இடுப்பளவு நீரில், கயிறு கட்டி, நீந்தத் தெரிந்த பெரியவர் இருவர் நடுவிலேயே எங்கள் பிள்ளைகள் இறங்கினர். காற்றடைத்த லாரி டியூபைப் பற்றியே நீச்சல் பழகினர். உணவு உண்ட பின்னும், இருட்டிய பின்னும், எவரும் நீரில் இறங்கலாகாது என்பதில் சிறிதும் தளர்வு கூடாது.

இரண்டாவது, முதியோரை உடன் அழைத்துச் செல்வது மட்டும் போதாது. அவர்க்கு ஒரு பொறுப்பையும் தருக. நாற்காலியில் அமர்த்தி மரியாதை செய்வதைவிட, "நீங்கள் சொல்லித் தாருங்கள்" என்று கேட்பதே அவர்க்குப் பெருமை. மருந்தையும், தேவைப்படின் விரைந்து மருத்துவமனை செல்ல வண்டியையும் முன்னரே ஏற்பாடு செய்துகொள்க.

மூன்றாவது, கைப்பேசிக்கு மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒதுக்கிய நேரத்தில் பெரியவர்களே முதலில் அவ்விதியைக் காக்க வேண்டும்.

நான்காவது, ஒரு குறிப்பேடு கொண்டு செல்க. தாத்தா கூறும் சுரங்கச் செய்திகளையும், பாட்டி கூறும் ஊர்ப்பெயர்களையும் பேரப்பிள்ளைகளே தமிழில் எழுதட்டும். கன்னடமும் ஆங்கிலமும் பள்ளியில் கற்கும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதும் பயிற்சியும் அதனால் கிட்டும். சுரங்கத்தினுள் இறங்கி உழைத்த தலைமுறை நம் கண்முன்னே குறைந்து வருகின்றது. பொன் எடுத்த கணக்கைக் கம்பெனியார் எழுதி வைத்தனர். எடுத்தவர் கதையை நாம்தான் எழுத வேண்டும்.

ஐந்தாவது, ஏரி வற்றும் ஆண்டுகளும் வரும். அவ்வாண்டு மாந்தோப்பு ஒன்றிலோ, சொந்த ஊர்க் கிணற்றடியிலோ கூடலாம். இடம் மாறலாம், கூடுவது மாறலாகாது.

சங்கத்தாருக்கு என் விண்ணப்பம் ஒன்று. எல்லாக் குடும்பத்துக்கும் தோட்டவீடு உள்ள உறவினர் வாய்ப்பதில்லை. வரும் மே மாதத்தில் சங்கமே முன்னின்று, விரும்பும் குடும்பங்கள் சிலவற்றைச் சேர்த்து, இரண்டு மூன்று நாளேனும் ஏரிக்கரையில் தங்க ஏற்பாடு செய்யலாம். அரிசியும் பருப்பும் அவரவர் கொண்டு வரட்டும், கூட்டாஞ்சோறாக ஆக்குவோம். பெங்களூர் வண்டியில் நாள்தோறும் நின்றுகொண்டே பயணம் செய்யும் நம் இளைஞர்கள், அந்த மூன்று நாளாவது தம் பெற்றோரோடும் பிள்ளைகளோடும் அமர்ந்து உண்ணட்டும். வண்டி நேரம் பார்த்துச் சொல்லும் வேலையை நான் ஏற்றுக்கொள்கின்றேன். அது எனக்குப் பழகிய வேலை.